மனுவல் ஸ்போர்ட்ஸ் காரில் ஹில் ஹோல்ட்: பிடிப்பது சரி, விடுவதுதான் பிரச்சினை

வெள்ளவத்தை வாசி எழுதியது:

வணக்கம். மனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு விடயத்தில் ஆலோசனை கேட்க விரும்புகிறேன். என்னுடையது யப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியான, இரண்டு இருக்கைகள் மட்டும் உள்ள, பின்சில்லுகளால் இயங்கும் சிறிய கார். என்ஜின், கியர், ஸ்டியரிங் எல்லாவற்றிலும் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் அதிலுள்ள ஹில் ஹோல்ட் வசதி (ஏற்றத்தில் கால் பிரேக்கை விட்ட பிறகும், கார் உருளாதபடி சிறிது நேரம் பிரேக்கைத் தானாகவே பிடித்து வைப்பது), வசதியாக இல்லாமல் ஒவ்வொரு நாளும் இடைஞ்சலாகவே இருக்கிறது.

கொழும்பில் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். காலி வீதி மட்டமானதுதான். ஆனால் எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து மேலே வரும் சாய்தளம் மிகவும் செங்குத்தானது. அதன் உச்சியில், நடைபாதையில் போகிறவர்களுக்கும் வீதியில் வரும் வாகனங்களுக்கும் வழிவிட்டு, நின்றுதான் எடுக்க வேண்டும். மாலை வேளையில் தெஹிவளை மேம்பாலத்திலும் இராஜகிரிய மேம்பாலத்திலும் வாகனங்கள் ஏற்றத்திலேயே வரிசையாக நின்று, ஒரு கார் நீளம் நகர்ந்து, மறுபடியும் நிற்கின்றன. ஆகவே ஏற்றத்தில் நின்று எடுப்பது இந்த நகரத்தில் அன்றாட வேலைதான்.

நடப்பது இதுதான். பிரேக்கிலிருந்து வலது காலை எடுக்கிறேன். கிளச் பிடிக்கத் தொடங்கும் இடம் இடது காலுக்குத் தெரிகிறது. கார் மெதுவாக முன்னே நகர வேண்டிய அந்தக் கணத்தில் அது அசையாமல் நிற்கிறது. காரின் பின்பகுதி சற்றுக் கீழே அமர்கிறது, என்ஜின் சுழற்சி விழத் தொடங்குகிறது. சுழற்சியைக் காப்பாற்ற அக்சிலரேட்டரை இன்னும் சிறிது மிதித்தால், சரியாக அதே நேரத்தில் பிரேக் விடுபட்டு, கார் முன்னே பாய்கிறது. மிதிக்காமல் இருந்தால் என்ஜின் நின்றுவிடப் பார்க்கிறது. கிளச்சைத் திரும்ப அமத்தி மறுபடி எடுப்பதற்குள் பிடிப்பு நேரம் முடிந்து, கார் பின்னுக்கு உருளத் தொடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் இடிதான்.

தரிப்பிடத்துக்குள் சரிவில் பின்பக்கமாக இறக்கி விடும்போதும் இதே கதை. முன்பெல்லாம் கிளச்சை முழுதாக அமத்திக்கொண்டு, பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, சரிவின் போக்கிலேயே காரை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று இறக்கி நிறுத்தலாம். இப்போது பிரேக்கை விட்டாலும் கார் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று நினைப்பதற்குள் சட்டென்று விடுபட்டு இறங்குகிறது. பின்னால் சுவர் இருக்கும் இடத்தில் இது விளையாட்டில்லை.

ஸ்திரக் கட்டுப்பாட்டை (கார் வழுக்கித் திரும்பிவிடாமல் காக்கும் அமைப்பை) நிறுத்தும் பொத்தானை அமத்திப் பார்த்தேன். ஹில் ஹோல்ட்டில் எந்த மாற்றமும் இல்லை. இதை நிறுத்தி வைக்க வழி உண்டா, அல்லது இதோடு பழகிக்கொள்ள வேண்டியதுதானா என்பதை அறிய விரும்புகிறேன். இப்படி பிரேக் பிடித்திருக்கும்போதே கிளச்சை விடுவதால் கிளச் தட்டு விரைவில் தேயுமா என்பதும் என் கவலை. அந்தக் காலத்தில் லேர்னர்ஸில் (சாரதிப் பயிற்சியில்) ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து ஏற்றத்தில் எடுக்கத்தான் பழக்கினார்கள், அது எனக்கு நன்றாகவே வரும். அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை கராச் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தபோது காரில் பழுது எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது. அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால் உங்கள் கால் உணர்வதற்குக் காரணம் விளங்கும்.

ஹில் ஹோல்ட்டுக்கென்று தனியான பிரேக் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லுகள் இறுகி வழுக்காமல் தடுப்பது), ஸ்திரக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்காக ஏற்கெனவே உள்ள வால்வுத் தொகுதியே, நீங்கள் மிதித்த பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கிறது. கார் சரிவில் நிற்கிறது என்பதை முன்பின் முடுக்கத்தை அளக்கும் ஒரு சென்சர் சொல்கிறது. முகப்பு மேலே பார்த்திருந்து முன்கியர் விழுந்திருந்தாலும், முகப்பு கீழே பார்த்திருந்து றிவர்ஸ் விழுந்திருந்தாலும் அது பிடிக்கும். பெரும்பாலான கார்களில் இந்தப் பிடிப்பு ஏறத்தாழ 2 விநாடி நீடிக்கும். அதற்கு மேல் வைத்திருக்காததற்குக் காரணம் உண்டு. வால்வை மூடிப் பிடித்திருப்பது மின்னோட்டம், நீண்ட நேரம் பிடித்தால் வால்வின் மின்சுருள் சூடாகும். அதைவிட, சாரதி கதவைத் திறந்து இறங்கினாலும் கார் நிற்கும் என்ற நம்பிக்கையை அது ஒருபோதும் கொடுத்துவிடக் கூடாது.

பிடிப்பது எளிது. எப்போது விடுவது என்பதில்தான் சிக்கல். ஓட்டோமட்டிக் காரில் கணினிக்கு எல்லாம் தெரியும், ஏனென்றால் கிளச்சின் வேலையையும் அதுவே செய்கிறது. மனுவலில் கிளச் உங்கள் காலில் இருக்கிறது. பல கார்களில் கிளச் பெடலில் இருப்பது வெறும் சுவிட்ச். பெடல் அமர்ந்திருக்கிறதா, மேலே வரத் தொடங்கிவிட்டதா என்பதை மட்டும் சொல்லும். தட்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைக் கணினி நேரடியாக அறிய முடியாது. என்ஜினின் முறுக்குவிசையையும் (சுழற்றும் விசையையும்) சுழற்சி விழும் விதத்தையும் அக்சிலரேட்டரையும் பார்த்து ஊகித்து, பின்னுக்கு உருளாது என்று நிச்சயம் ஆனபிறகே விடுகிறது. அந்த நிச்சயத்துக்கு அது எடுக்கும் நேரத்தைத்தான் நீங்கள் இழுவையாக உணர்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 8 அடி போனால் 1 அடி ஏறும் சாய்தளம் என்று வையுங்கள், அது 12.5 சதவீத ஏற்றம். 1100 கிலோ எடையுள்ள காரை அந்தச் சரிவு பின்னுக்கு இழுக்கும் விசை, ஏறத்தாழ 135 கிலோ பாரத்துக்குச் சமம். முதலாம் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து முறுக்குவிசையை 14 மடங்குக்குச் சற்று மேல் பெருக்கும் காரில், அந்தப் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கக் கிளச்சில் 30 நியூட்டன் மீற்றர் கூடத் தேவையில்லை. 2 லீற்றர் என்ஜின் ஒன்று 200 நியூட்டன் மீற்றர் கொடுக்கக்கூடியது. அதாவது கிளச் மெல்லத் தொட்ட உடனேயே கார் நிற்கப் போதுமான பிடி வந்துவிடுகிறது. உங்கள் பாதத்துக்கு அது தெரியும். கணினிக்கோ அந்தச் சிறிய அளவு நம்பத் தகுந்த எண்ணாகத் தோன்றாது. இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று பொறுக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் இது கூடுதலாக உறைப்பதற்குக் காரணம், அதன் பறக்கும் சில்லு (என்ஜினோடு சேர்ந்து சுழன்று சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான சில்லு) இலேசாக இருப்பதும், கிளச்சின் பிடி குறுகிய தூரத்துக்குள் வந்துவிடுவதும்தான். குடும்பக் காரில் அரை விநாடி தாமதம் தெரியாது. இங்கே அதற்குள் சுழற்சி பாதியாக விழுந்துவிடும்.

கிளச் தேய்வதைப் பற்றி: தட்டைத் தின்பது வழுக்கல், அதாவது வழுக்கும் நேரமும் அந்த நேரத்தில் உள்ள என்ஜின் சுழற்சியும். ஒவ்வொரு முறையும் கால் விநாடி கூடுதலாக வழுக்கினால் அதனால் மட்டும் தட்டு போய்விடாது. ஆனால் பாய்ச்சலுக்குப் பயந்து, பிரேக் விடும்வரை நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டால், அது தட்டையும் தின்னும், பறக்கும் சில்லின் முகத்தையும் எரிக்கும். அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃபியூஸைக் கழற்று, சென்சரின் வயரைக் கழற்று என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அதே தொகுதியில்தான் ஏபிஎஸ்ஸும் ஸ்திரக் கட்டுப்பாடும் இருக்கின்றன. ஒக்டோபர், நவம்பர் மழையில் காலி வீதியில் பின்சில்லு இழுவைக் காரை அவை இல்லாமல் ஓட்டுவது புத்தியல்ல. கிளச் சுவிட்சில் கை வைத்தாலும் ஸ்டார்ட் ஆவதிலிருந்து பல வேலைகள் குழம்பும்.

கண்டி வீதிப் பயணி எழுதியது:

மேலே விளக்கியவரின் கணக்கு அருமையாக இருக்கிறது. ஆனாலும் இந்த வசதியை நிறுத்த வேண்டும் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன், பெற்றோர் கண்டியில் இருப்பதால் கடுகண்ணாவை ஏற்றம் எனக்குப் பழக்கமானது; விடுமுறைக்கு றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கும் போவதுண்டு. என் காரும் மனுவல்தான், அதே வகை ஸ்போர்ட்ஸ் கார்தான். கடுகண்ணாவையில் பெரிய பாரவூர்தி ஒன்றின் பின்னால் நின்று நின்று ஏறும்போது, பின்னால் நிற்கிற பேருந்துக்கும் நமக்கும் இடையில் ஒரு கை அகலம் கூட இருக்காது. கொழும்பிலோ முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் பம்பரை உரசிக்கொண்டு நிற்கும். ஒரு அடி பின்னுக்குப் போனால் காயப்படுவது உலோகம் அல்ல, மனிதர். அந்த 2 விநாடியை நான் மதிக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை, அதை நிறுத்துவதல்ல, அதன் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்வது. உங்கள் காரில் லீவர் வகை ஹாண்ட் பிரேக் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏற்றத்தில் நின்றதும் கால் பிரேக்கை விடுவதற்கு முன்பே ஹாண்ட் பிரேக்கை இழுங்கள். பல கார்களில் ஹாண்ட் பிரேக் இழுத்திருந்தால் ஹில் ஹோல்ட் வேலை செய்யாது, என் காரும் அப்படித்தான். உங்களுடையதிலும் அப்படியா என்பதை ஓர் ஆளில்லாத சரிவில் முதலில் பாருங்கள். லீவரின் நுனிப் பொத்தானைக் கட்டைவிரலால் அமத்தியபடியே பிடித்திருங்கள், பல்லில் மாட்ட விடாதீர்கள். கிளச் தொட்டதும் பின்பகுதி அமர்வது தெரியும், அப்போது லீவரைக் கையாலேயே படிப்படியாக இறக்கலாம். விடும் வேகம் உங்கள் கையில் இருக்கிறது, கணினியின் கையில் அல்ல. லேர்னர்ஸில் பழகியதுதான் இன்றைக்கும் மிகத் துல்லியமான முறை என்று நான் நம்புகிறேன்.

இலத்திரனியல் ஹாண்ட் பிரேக் உள்ள கார்களுக்கு இந்த வழி கிடையாது. அங்கே பொத்தானை இழுத்தாலும் விடுவதை மறுபடி கணினிதான் தீர்மானிக்கும். அடுத்த காரைத் தெரிவு செய்யும்போது குதிரைவலுவைப் பார்ப்பதற்கு முன் லீவர் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பம்பலப்பிட்டி வாசகி எழுதியது:

ஒரு சிறிய தகவல். நிறுத்தும் வழி சில கார்களில் உண்மையாகவே உண்டு. சிலவற்றில் திரையிலுள்ள அமைப்புப் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் ஒரு பொத்தானைக் குறிப்பிட்ட நேரம் அமத்திப் பிடிக்கும் முறையாக உரிமையாளர் கையேட்டில் எழுதியிருக்கும். சிலவற்றில் காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை இணைத்துத்தான் மாற்றலாம். பலவற்றில் வழியே கிடையாது. யப்பானிலிருந்து நேரடியாக வந்த வாகனத்துக்கு யப்பானிய மொழிக் கையேடுதான் இருக்கும் என்பதால், இங்கு பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கைத்தொலைபேசிக் கமராவின் மொழிபெயர்ப்பைக் கொண்டு பிரேக் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தாலே விடை கிடைக்கும். பிற நாட்டு ஆங்கிலக் கையேட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்தால், சந்தைக்குச் சந்தை அமைப்பு மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கமாக உருட்டி நிறுத்தும் பிரச்சினைக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டுப் பாருங்கள். நியூட்ரல் சென்சர் உள்ள கார்களில், கியர் விழாத நிலையில் ஹில் ஹோல்ட் பிடிப்பதில்லை. சரிவின் போக்கில் பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்தி இறக்கலாம். காலைப் பிரேக்கிலிருந்து முழுதாக எடுக்காமல் செய்யுங்கள்.

தெமட்டகொடை எழுதியது:

இதன் வரலாற்றை அறிந்தால், இன்றைய அமைப்பில் எது குறை என்பது இன்னும் தெளிவாகும். ஏற்றத்தில் பிடித்து வைக்கும் கருவி புதியதல்ல. அமெரிக்காவின் ஸ்டூடபேக்கர் நிறுவனம் 1936இல் தன் பிரசிடென்ட் காரில் இதைக் கொண்டுவந்தது. அதில் கணினி எங்கே? பிரேக் குழாயின் வழியில் ஓர் உலோகக் குண்டு. காரின் முகப்பு மேலே பார்த்தால் குண்டு பின்னுக்கு உருண்டு எண்ணெய் திரும்பும் வழியை அடைக்கும். அந்த வால்வு கிளச் பெடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பெடல் அமர்ந்திருக்கும்வரை பிடிக்கும், பெடல் மேலே வர வர விடும். பின்னர் சுபாருவும் தன் மனுவல் கார்களில் நீண்ட காலம் கிளச்சோடு கேபிளால் இணைந்த இதே எண்ணத்தைப் பாவித்தது. கேபிளின் நீளத்தைச் சரிசெய்தால், பிடி எந்த இடத்தில் விட வேண்டும் என்பதை மெக்கானிக் உங்கள் கிளச்சுக்கு ஏற்றபடி வைத்துத் தரலாம். 2 விநாடி என்ற கெடு அதில் இல்லை, ஊகமும் இல்லை. சாரதியின் இடது கால் செய்வதை அது பின்பற்றியது.

அது ஏன் மறைந்தது? அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஸ்திரக் கட்டுப்பாடு கட்டாயமானது. வால்வுகளும் கணினியும் எல்லாக் காரிலும் எப்படியும் இருக்கும் என்றான பிறகு, சரிவு சென்சரின் தரவையும் கொஞ்சம் மென்பொருளையும் சேர்த்தால் ஹில் ஹோல்ட் வந்துவிடுகிறது. கேபிளும் தனி வால்வும் வீண் செலவாகிவிட்டன. செலவுக் கணக்கில் அது நியாயம். ஆனால் மனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன், காலும் கையும் செய்யும் வேலையை விரும்பித்தான் வாங்குகிறான். அவனுக்கு ஒரு நிறுத்துப் பொத்தானாவது கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஸ்திரக் கட்டுப்பாடு போன்ற உதவிகளையே நிறுத்த விட்டுவிட்டு, நாளுக்குப் பல முறை குறுக்கிடும் இந்த ஒன்றை மட்டும் நிறுத்த விடாமல் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

வெள்ளவத்தை வாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. என் காரில் லீவர்தான் இருக்கிறது. கண்டி வீதிப் பயணி அவர்கள் சொன்னபடி, கால் பிரேக்கை விடுவதற்கு முன்பே ஹாண்ட் பிரேக்கை இழுத்துச் சாய்தளத்தில் எடுத்துப் பார்த்தேன். இழுவையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, கார் நூல் பிடித்தாற்போல் ஏறியது. நியூட்ரலில் உருட்டி நிறுத்துவதும் சரியாக வருகிறது. கையேட்டின் பிரேக் பகுதியையும் பார்த்துவிட்டேன். ஹில் ஹோல்ட் எந்த நிலைகளில் வேலை செய்யும் என்று விளக்கியிருக்கிறார்கள், நிறுத்தும் முறை எதுவும் தரப்படவில்லை.

ஆனால் கவனிக்கத் தொடங்கிய பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் இடங்களிலும் சில வேளைகளில் இது பிடிக்கிறது. மரைன் ட்ரைவில் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது கூட உணர்ந்தேன். எனக்கு முன் காரை வைத்திருந்தவர் வேறு ஸ்பிரிங்குகள் போட்டுக் காரைத் தாழ்த்தியிருக்கிறார், பின்பக்கம் முன்பக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்திருப்பதுபோல் தெரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கொட்டாஞ்சேனை கராச் எழுதியது:

தொடர்பு உண்டு, ஆனால் அது மட்டும் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கார் போன்றவற்றில் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரம் சுமார் 2300 மில்லிமீற்றர். பின்பக்கம் 20 மில்லிமீற்றர் கூடுதலாகத் தாழ்ந்திருந்தால், கார் எப்போதும் 0.9 சதவீத ஏற்றத்தில் நிற்பதாகச் சென்சர் உணரும்; பாகையில் சொன்னால் அரைப் பாகை. அதோடு வீதியின் சிறிய சரிவும் சென்சரின் பூச்சியப் புள்ளியில் (மட்டம் என்று சென்சர் எடுத்துக்கொள்ளும் அளவில்) உள்ள பிழையும் ஒரே திசையில் சேர்ந்தால், மட்டமான இடத்திலும் ஏற்றம் என்று எண்ணிவிடும். ஸ்பிரிங் மாற்றியபோது பூச்சியப் புள்ளியை மறுபடி பதியாமல் விட்டிருப்பார்கள் என்பதே என் ஊகம்.

அதைச் சரிசெய்யப் பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. முதலில் நான்கு ரயர்களிலும் காற்றைச் சரியான அளவுக்கு அடித்து, காருக்குள் இருக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். பிறகு அந்த வகைக் காரின் ஏபிஎஸ் தொகுதியோடு பேசக்கூடிய ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். என்ஜின் கோளாறை மட்டும் வாசிக்கும் சிறிய ஸ்கேனர் போதாது. ஸ்கேனரை இணைத்ததும் பூச்சியப் புள்ளியைப் பதிவதற்கு முன், முன்பின் முடுக்கத்தின் தற்போதைய அளவைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். மட்டமான தரையில் அது பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சென்சரில் குறையில்லை, பதிவதால் பயனும் இல்லை. விலகியிருந்தால் பதிந்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி அளவைப் பாருங்கள்.

இதைக் கராச் முற்றத்தில் செய்ய விடாதீர்கள். தண்ணீர் ஓடுவதற்காக முற்றங்களைச் சரிவாகத்தான் கட்டியிருப்பார்கள். சில்லு அலைன்மென்ட் செய்யும் மேடை மட்டம் பார்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். அலைன்மென்ட் பார்த்து முடிந்ததும், காரை மேடையிலிருந்து இறக்குவதற்கு முன்பே அங்கேயே பதியச் சொல்லுங்கள்.